பதிலாளின் பெயர்

ஆகஸ்ட் 1, வியாழன்

நல்லூரணி கல்யாண மண்டபத்தில் சங்கத்தின் கோட்டக் கூட்டம். கிராமத் தபால்காரர்கள் இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மைக் செட்காரன் வழக்கம்போல் கழுத்தறுத்தான். மைக் இல்லாமலே பேசினேன். என் தொண்டைக்கு மைக் எதற்கு. "வெயிலில் காய்கிறோம், மழையில் நனைகிறோம், தெருத்தெருவாக நாய்க்கடி படுகிறோம். ஆனால் துறை நம்மை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளவே மறுக்கிறது" என்றேன். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. எட்டு மணி நேர வேலை, ஓய்வூதியம், மருத்துவ வசதி. மூன்றே கோரிக்கை. ஒத்து வராவிட்டால் ஆறாம் தேதியிலிருந்து காலவரையற்ற வேலைநிறுத்தம்.

மேடையை விட்டு இறங்கியதும் பொருளாளர் சீனிச்சாமி கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, அந்த நாய்க்கடியைச் சொன்னீகளே, எல்லாத்துக்கும் கண்ணு கலங்கிட்டு." பிறகு என் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். "எங்க காக்கியெல்லாம் வெளுத்துப் போச்சு. உங்களுக்கு மட்டும் கடையில வாங்கினாப்ல இருக்கே." நல்ல துணி என்றேன்.

வீட்டுக்கு வந்தால் சைக்கிள் சீட்டை மறுபடியும் இறக்கி வைத்திருக்கிறாள் மனைவி. மிதித்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது.

"எத்தனை தடவை சொல்றது, ஏத்தி வைன்னு."

"ஏறுதவுகளுக்குத் தக்கன இருக்கட்டும்" என்றாள் செல்லக்கனி, கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டே.

மூன்றாம் தேதி சென்னையில் பேச்சுவார்த்தை. லீவு விண்ணப்பம் எழுதினேன். எங்கள் உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு. லீவு வேண்டுமானால் நமக்குப் பதிலாக வேலை பார்க்க ஆளை நாமே தேடிக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் வராவிட்டாலும் தப்புச் செய்தாலும் நம் தலைதான் உருளும். அதனால் ஒவ்வொருவர் வீட்டிலும் பெண்டாட்டியோ தம்பியோ மச்சினனோ பதிலாளாக இருப்பார்கள். பேச்சுவார்த்தை இழுத்தாலும் இழுக்கும் என்று பத்தாம் தேதி வரை போட்டேன். எப்போதுமே தாராளமாகப் போடுவதுதான் வழக்கம். பதிலாளின் பெயர் என்ற இடத்தில் வழக்கம்போல் செல்லக்கனி. மாவுக் கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். எந்தத் தேதி என்றுகூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

சென்னை. சங்க அலுவலகத்து மின்விசிறி சுற்றுவது மாதிரி பாவனை செய்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பேச்சு முறிந்தது. "உங்களுக்கெல்லாம் நாலைந்து மணி நேர வேலைதானே" என்றார் எதிரே இருந்த அதிகாரி. எனக்குச் சுருக்கென்றது. "சார், எங்கள் ஊர் துவரந்தைப் பாதையில் ஆடிக்காற்றுக்கு எதிரே ஒரு நாள் சைக்கிள் மிதித்துப் பாருங்கள், அப்புறம் மணிக்கணக்குப் பேசுவோம்" என்றேன். மாநிலத் தலைவர் வெளியே வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பஸ் ஏறுவதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"நாளையிலேர்ந்து ஸ்ட்ரைக்கு. நான் வீட்டுக்கு வரல, நேரா பந்தலுக்குப் போயிருவேன்."

"சரி. சாப்பாடு?"

"பந்தல்ல போடுவாங்க."

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நல்லூரணி தபால் ஆபீஸ் வாசலுக்கு எதிரே பந்தல். உட்கார இடமில்லாமல் ஆட்கள் வேப்பமரத்தடி வரை நின்றார்கள். பஸ்ஸில் தூங்காத கண்ணோடு மைக்கைப் பிடித்தேன். "இன்றைக்கு இந்த வாசலை விட்டு ஒரு பை வெளியே போகாது" என்று சொல்லி வாயை மூடவில்லை, ஆபீஸ் கேட் திறந்தது. செல்லக்கனி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஹேண்டில்பாரில் தபால் பை தொங்கியது. என் பை. வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். சந்தையில் எதிர்ப்பட்டால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏறி மிதித்துப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. சீனிச்சாமிதான் மைக்கை வாங்கிக் கோஷம் போட்டு ஒப்பேற்றினான்.

மத்தியானம் டீக்கடையில் ஓவர்சியர் திரவியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பைகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று ஊர் ஊராகப் பார்ப்பதுதான் அவர் வேலை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"செயலாளரே, நீங்க எதுக்கு வெயில்ல கெடக்கீக. நீங்கதான் ஸ்ட்ரைக்கிலயே இல்லியே. லீவுல்லா. பத்தாம் தேதி வரைக்கும் சாங்ஷன் ஆயிருக்கு. பதிலாளும் டான்னு வந்துட்டாக. உங்களுக்கு ஒரு குறையும் வராது."

அப்போதுதான் உறைத்தது. நான் கூப்பிட்ட வேலைநிறுத்தத்தில் நான் இல்லை.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஏன் போன?"

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

"ஸ்ட்ரைக்குன்னு போன்ல சொன்னேன்லா."

"சொன்னீங்க. உங்களுக்கு ஸ்ட்ரைக்கு. எனக்குன்னு சொல்லலையே."

"சரி, இனிமே போகாத."

"பத்து வரைக்கும் எம் பேரு இருக்கு. நான் போகலன்னா உங்க மேலதான் வரும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஆலங்கிணத்துல போஸ்ட் காலியா இருக்காம். ஸ்ட்ரைக்கு நேரத்துல வேலை பாத்தவுகளுக்கு முதல்ல குடுப்பாங்களாம். ஓவர்சியர் சொன்னாரு."

"அவன் என்ன வேணா சொல்லுவான்."

"சொல்லட்டும். எம் பேர்ல ஒரு வேலைன்னு இதுவரைக்கும் யாரும் வாயாலகூடச் சொன்னதில்ல."

குளிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காலையில் முதல் வேலையாக லீவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கோட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார் போஸ்ட் மாஸ்டர். எப்போது வரும் என்றேன். அங்கேயும் ஆள் இல்லையே, எல்லாம் ஸ்ட்ரைக் என்றார். சிரிக்காமல் சொன்னார்.

திரவியம் நேற்றே ஊர் ஊராக வண்டியில் சுற்றியிருக்கிறார். பதிலாட்களின் வீடுகளுக்குப் போய் ஒரே பேச்சு: "செயலாளர் வீட்டம்மாவே போகுது, உங்களுக்கு என்ன தடை." இன்றைக்கு நாலைந்து பை வெளியே போய்விட்டது. கோட்டூரணிப் பையை எடுத்துப் போனது எங்கள் ஆள் ஒருத்தனின் மருமகள். அவன் பந்தலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

இப்படியே போனால் வெள்ளிக்கிழமைக்குள் பந்தலைப் பிரித்துவிடலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷமாகக் கட்டிய சங்கம் என் வீட்டுச் சைக்கிளில் ஏறிப் போகிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வீட்டில் பேச்சில்லை. ரசம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முத்தாபுரம் காசிலிங்கம் எல்லார் முன்னாலும் எழுந்து கேட்டுவிட்டான். ஒரு வகையில் நல்லதுதான். முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட இது தேவலை.

"நாங்கள்லாம் பொண்டாட்டி புள்ளைக கையைக் காலைப் பிடிச்சுத் தடுத்து வச்சிருக்கோம். நீரு லீவுச் சம்பளத்துல உக்காந்துகிட்டு எங்களை வெயில்ல போடுதீரா? ராஜினாமாவை எழுதும்."

பேனாவை எடுத்துவிட்டேன். சீனிச்சாமி பிடுங்கிக்கொண்டான்.

"இருங்க. எங்க வீட்லயும் நேத்து கேட்டா. கனியக்கா போறாக, நான் ஏன் போகக் கூடாதுங்கா. உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப பூரா நாந்தான போனேன், அப்ப உங்க சங்கம் எனக்கு ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடுத்துச்சாங்கா. நான் என்ன பதில் சொல்ல. காசி, நீ சொல்லு. உங்க வீட்ல யாரு போவா?"

காசிலிங்கம் உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

மத்தியானமே வீட்டுக்குப் போனேன். செல்லக்கனி பையை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். வாளியில் வெந்நீர், கல் உப்பு, அதில் இரண்டு காலும். குதிகால் வெடிப்பு கரிசல்காடு மாதிரி இருந்தது. எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்டதோ வேறு.

"நாளைக்கு ஒரு நாள் நிறுத்திக்கோ. எனக்காக."

"எதுக்காக ஸ்ட்ரைக்கு?"

"தெரியாத மாதிரி கேக்க. எட்டு மணி நேர வேலை, பென்சன், ஆஸ்பத்திரிச் செலவு."

"யாருக்கு?"

"எங்களுக்கு."

"அதுல நான் எங்க இருக்கேன்?"

"குடும்பத்துக்குத்தான எல்லாம்."

"குடும்பத்துக்குன்னா சரி. அப்ப கூப்பிட்டிருக்கணும்லா. ஊர் ஊராப் போயி ஒவ்வொருத்தரா கூப்டீங்க. பக்கத்துல படுத்திருக்கவளை மட்டும் கூப்டலையே."

கோபம் தலைக்கேறிவிட்டது. கத்தினேன். சங்கத்தைப் பற்றிக் கத்தினேன், அவள் அண்ணன் கல்யாணத்தில் எனக்கு மரியாதை செய்யாததைப் பற்றிக் கத்தினேன், சைக்கிள் சீட்டைப் பற்றியும் கத்தினேன். அவள் வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றாமல் சாக்கடையில் ஊற்றினாள். உப்புத் தண்ணீர் மரத்துக்கு ஆகாது என்ற கவனம் அந்த நேரத்திலும் இருந்தது அவளுக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பப் பந்தலுக்குப் போய்ச் செயற்குழுவைக் கூட்டினேன். நான்காவதாக ஒரு கோரிக்கை வேண்டும் என்றேன். பதிலாட்கள் வேலை பார்த்த காலத்தைக் கணக்கில் எடுத்துக் காலியிடங்களில் அவர்களுக்கு முதலிடம் கொடு.

"இதைப் போட்டா மத்த மூணும் போயிரும் அண்ணாச்சி" என்றான் காசிலிங்கம்.

"போகட்டும்" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

அரை மணி நேரம் ஒருவரையொருவர் கடித்துக் குதறினோம். கடைசியில் சீனிச்சாமி சிவப்பு மை எடுத்துத் தட்டியில் நான்காவதை எழுதினான். செல்லக்கனியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பேரம் பேசுவது மாதிரி ஆகிவிடும்.

ஆகஸ்ட் 10, சனி

லீவின் கடைசி நாள். காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு போனபோது பந்தலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிவாக்கில் திரும்பினாள். கேட்டுக்குள் போகாமல் சைக்கிளைப் பந்தல் ஓரம் நிறுத்தினாள். நேராக என் முன்னால் வந்து நின்று பையிலிருந்து ஒரு பதிவுத் தபாலை எடுத்தாள்.

"சு. கொம்பையா, துவரந்தை. நீங்கதான?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் என் பெயரைக் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்லுவாள். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. ஆளு இங்க இருக்கதாச் சொன்னாங்க. இதுல ஒரு கையெழுத்து."

போட்டேன். உறையைப் பிரித்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். ஊழியர்களைத் தூண்டிவிட்ட குற்றத்துக்காக விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். கடைசி வரியை வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அதுவரை துவரந்தைப் பட்டுவாடாவை இப்போதைய பதிலாளே தொடர்ந்து பார்ப்பார்.

எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. அவள் தட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு எழுத்தை உதடு அசைய வாசித்தாள்.

"இது எப்ப எழுதினது?"

"நேத்துச் சாயந்தரம்க்கா" என்றான் சீனிச்சாமி.

"யாரு எழுதச் சொன்னா?"

அவன் என்னைக் காட்டினான். ஆபீஸுக்குள் போனாள். பட்டுவாடாக் கணக்கை ஒப்படைத்து, பையை உதறிக் காட்டிவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே திரவியம் ஓடி வந்தார்.

"திங்கக்கிழமை காலையில வந்துருவீகள்லாம்மா? இனி இது உங்க வேலைதானே."

"நான் கையெழுத்துப் போட்டது பத்தாம் தேதி வரைக்கும் சார். அது முடிஞ்சிட்டு."

பந்தலுக்குள் வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. ஓரமாக, கம்பத்தை ஒட்டி உட்கார்ந்து துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"தண்ணி இருக்கா?"

பையன் யாரையும் கூப்பிடாமல் நானே போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒரு பைகூட வெளியே போகவில்லை. சீனிச்சாமி மனைவி, கோட்டூரணி மருமகள், காசிலிங்கத்தின் தம்பி என்று பதிலாட்களெல்லாம் பந்தலில். திரவியமே ஒரு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். எந்தத் தெருவில் நுழைவது என்று தெரியாமல் மத்தியானம் அப்படியே கொண்டுவந்துவிட்டார். பெண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

வேலைநிறுத்தம் வாபஸ். எட்டு மணி நேர வேலைக்குக் குழு போடுகிறார்கள். மருத்துவ வசதி உண்டு. ஓய்வூதியம் பற்றி அடுத்த மாதம் பேச்சு. விலக்கி வைத்த உத்தரவுகளெல்லாம் ரத்து, நாளை மறுநாள் நான் வேலையில் சேரலாம். நான்காவது கோரிக்கைக்கு நேரே ஒரே சொல்: பரிசீலிக்கப்படும். சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "கிடைத்ததைப் பாருங்கள் கொம்பையா" என்றார் மாநிலத் தலைவர். பந்தலில் வெடி வெடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"உங்க நாலாவதைப் பரிசீலிப்பாங்களாம்."

"ம்."

"அடுத்த போராட்டத்துல அதைத்தான் முதல்ல வைப்போம்."

"ம்." பிறகு கேட்டாள். "ஆலங்கிணறு?"

"வெளியூர் ஆளைப் போட்டுட்டாங்க."

கொடிக்குப் போய், இன்னும் காயாத துணிகளையெல்லாம் எடுத்துவந்து ஒவ்வொன்றாக மடித்தாள். ஈரத்தோடு ஏன் மடிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் சென்னையிலிருந்து போன். நாளை வெற்றி விழா, நம் கோட்டத்துக்குத்தான் முதல் மாலை, உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். லீவு விண்ணப்பத்தை எடுத்தேன். பெயர், ஊர், காரணம் எல்லாம் எழுதிப் பதிலாளின் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"எம் பேரை எழுதாதீங்க."

"ரெண்டே நாள். விழாவுக்குத்தான்."

"உங்க ஸ்ட்ரைக்கு முடிஞ்சிட்டு. நாலாவது இன்னும் முடியலல்லா. நான் இன்னும் ஸ்ட்ரைக்குலதான் இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்பது மாதிரி சொன்னாள். நான் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் காக்கிச் சட்டையை மாட்டினேன். சீட்டை ஏற்ற ஸ்பேனரைத் தேடினேன். அது எங்கே இருக்கும் என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அப்படியே ஏறி மிதித்தேன்.

ஆடி முடிகிற நேரத்தில் காற்று இன்னும் அடங்கவில்லை. முழங்கால் இடிக்க இடிக்க, பாதித் தூரத்தில் இறங்கித் தள்ளினேன். சென்னையில் அந்த அதிகாரியிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது.

ஆலங்கிணற்றுக்கு முன்னாலுள்ள தெருவில் ஒரு நாய் எனக்குப் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வந்தது. "புது ஆளைக் கண்டா அப்படித்தான். அக்கா வந்தா வாலை ஆட்டும்" என்றார் ஒரு டீக்கடைக்காரர். இரண்டு வீடு மாறிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் சின்னப் பெண் ஓடி வந்து திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியாக ஒரு பதிவுத் தபால். வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண், பசைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"கனியக்கா வரலியா?"

"இல்ல."

"உடம்புக்கு என்ன? ஸ்ட்ரைக்கு சமயத்துலகூட வந்தாகளே. அவுக வீட்டுக்காரரு ஏதோ சங்கம் சங்கம்னு அலையுதாராம். பாவம், அக்காதான் வெயில்ல சாவுதாக." காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அக்காவுக்குப் பதிலாளா?"

"ஆமா" என்றேன்.

பேனாவை வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவுக்கு எப்படிப் போவது என்று அவளிடமே கேட்டேன்.